பெரிய வீட்டுத் தரை

பெரிய வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது கூடத்துத் தரையைத்தான். நூற்றுமுப்பது வருடமாக ஒரு கீறல் விழாத தரை என்று சொல்வேன். எல்லோரும் குனிந்து அதில் தங்கள் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியும். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் மாதக்கணக்கில் தேய்த்த தரை. யார் தேய்த்தார்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கள் தெருக்காரர்கள்தான் தேய்த்தார்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கென்ன வந்தது என்று நானும் அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

என் பெயர் வேல்விழி. வரலாற்றில் எம்.ஏ. படித்தவள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் எங்கள் ஊர். காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து எங்கள் தெருவை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு தெருவில் மிஞ்சுவது கிழடு கட்டைகளும் நானும்தான். நான் சேலை மடிப்புக் கலையாமல், கைப்பையை மாட்டிக்கொண்டு, ஊருக்கு மேற்கே இருக்கும் பெரிய வீட்டுக்கு நடந்து போவேன். என் தாத்தா பின்வாசலில் நின்று கூழ் வாங்கிக் குடித்த வீடு அது. நான் முன்வாசல் வழியாகப் போகிறேன். அந்தப் பெருமை என் கண்ணை நன்றாகவே மறைத்துவிட்டது.

முதலாளி பாலகுருவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு ஆறு வருடத்துக்கு முன்னால் ஊருக்குத் திரும்பியவர். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, தூண்களுக்கு எண்ணெய் தடவி, கொள்ளுத்தாத்தாவின் மரப் பாதக்குறட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'பண்ணை வீட்டில் ஒரு நாள்' என்று ஆரம்பித்தார். காலையில் வருகிறவர்களுக்கு மாட்டுவண்டியில் ஒரு சுற்று, வீட்டைச் சுற்றிக் காட்டுவது, வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் பருத்திப்பால். அவ்வளவுதான். சனி, ஞாயிறு என்றால் நிற்க நேரம் இருக்காது. முதலாளி நல்ல மனிதர். என்னை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார், அறுபது வயது ஆளாக இருந்தாலும் 'வா, போ'தான்.

ஒவ்வோர் அறையிலும் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. எழுதியது நான். கூடத்துப் பலகையில் இப்படி எழுதினேன்: 'இந்த வீட்டின் மேல் வைத்திருந்த அன்பினாலும் மரியாதையினாலும் பண்ணையாட்கள் இங்கே செருப்பணியாமல் நடந்தார்கள்.'

படித்தவள் எழுதிய வாக்கியம். என் தாத்தா, ஊர்க்காவலன் என்பது அவர் பெயர், முதன்முதலாக ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு இந்த வீட்டைக் கடந்து போனார். பாலகுருவின் தாத்தா அவரைக் கூப்பிட்டு, செருப்பு இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை வெயிலில் நிற்கச் சொன்னார். தாத்தா நின்றார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேச மாட்டார்கள். எனக்கும் தெரியும். மரியாதை என்று எழுதினேன். முதலாளி படித்துப் பார்த்து, "சூப்பரா எழுதியிருக்கீங்க வேல்விழி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அந்த ஊர்க்காவலனின் இளைய மகன்தான் என் சித்தப்பா கருத்தப்பாண்டி. என் அப்பா செத்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வெடிமருந்து கலந்தவர். மருந்து ரூமுக்குள் ஒரு ஆள்தான் நிற்க வேண்டும், அதுவும் வெறுங்காலோடு. செருப்புக்கடியில் ஒரு மணல் இருந்து உரசினால் போதும், ரூமும் இருக்காது ஆளும் இருக்காது. அதனால் சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போய் நின்றாலும் உள்ளங்காலால் தரையை ஒரு தடவு தடவிப் பார்ப்பார். சாப்பிட உட்காரும்போதுகூட அப்படித்தான். "கண்ணு பொய் சொல்லும்த்தா. காலு சொல்லாது. ஒரு பொடி மருந்து சிந்திக் கெடந்தாலும் எங்காலு எங்கிட்டச் சொல்லிரும்" என்பார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் நாலு பேர் வெடித்துச் செத்திருக்கிறார்கள். அவர் தன் காலால்தான் தப்பித்தேன் என்று நம்பினார்.

அந்தக் கால்தான் முதலில் செத்தது. சுகர் வந்து பத்து வருடம் கவனிக்காமல் விட்டதில் இரண்டு பாதமும் மரத்துப் போய்விட்டன. போன வருடம் வலது காலில் சுண்டுவிரல் கறுத்து, மதுரையில் கொண்டுபோய் எடுத்தோம். நான்தான் கூட இருந்தேன். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கறுப்பாகத் தடியாக, சுகர்காரர்களுக்கென்றே செய்த ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பைக் கையில் கொடுத்தார். "கட்டில்ல இருந்து இறங்கும்போதே இதப் போடணும். வெறுங்கால் கூடவே கூடாது. இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வரும்" என்றார். நான் மூன்று தடவை தலையாட்டினேன்.

செருப்போடு மருந்து ரூமுக்குள் விட மாட்டார்கள், வேறு வேலை அவருக்குத் தெரியாது. சித்தி பஞ்சம்மாள் பட்டாசுத் திரி வெட்டுகிற வருமானத்தில் வீடு ஓடியது. சித்தப்பா ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தார், அதற்குள் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் முதலாளியிடம் சொல்லிப் பெரிய வீட்டில் சேர்த்துவிட்டேன். வருகிறவர்களை வாசலில் வரவேற்று, சொம்பில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, கூடம் வரை அழைத்து வர வேண்டும். தலைப்பாகை, நாலு முழ வேட்டி, இடுப்பில் துண்டு. காலில் எம்.சி.ஆர். செருப்பு.

சித்தி மட்டும் கேட்டாள். "எங்க மாமன வெயில்ல நிறுத்துன வீட்டுக்கா அவுகள அனுப்புற?"

"அதெல்லாம் அந்தக் காலம் சித்தி. இப்ப இருக்கவுக வேற மாதிரி" என்றேன். "அங்கன நெழல்ல நிக்கிற வேலை. மருந்தும் இல்ல மண்ணும் இல்ல. அவுக காலுக்கு நான் பொறுப்பு."

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை.

மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் கூடத்துப் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு, சித்தப்பாவின் காலைப் பார்த்தார். முதலாளியிடம் திரும்பி, "பண்ணையாட்கள் செருப்பே போட மாட்டாங்கன்னு இங்க எழுதியிருக்கு. இவர் என்ன பட்டை வச்ச செருப்பு போட்டிருக்கார்? போட்டோவுல அது மட்டும் ஒட்டவே இல்லையே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். என் பலகையை ஒருத்தர் அவ்வளவு கவனமாகப் படித்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. வீட்டு ஆட்கள் யாரும் வாசலுக்கு உள்ளே செருப்புப் போடக் கூடாது.

நான் முதலாளியின் அறைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் வாசலில் கால் வைக்கும்போதே வேறு கணக்கு ஓடியது. காலே போய்விடும் என்று சொன்னால், இப்படிப்பட்ட நோயாளி ஆள் நமக்கு எதற்கு என்று நிறுத்திவிடுவாரோ? சேர்த்துவிட்ட என் மேலும் ஒரு முகச்சுளிப்பு வருமோ?

"சித்தப்பாவுக்குக் கால்ல லேசாப் பிரச்சினை முதலாளி" என்றேன். லேசாக. அந்த ஒரு வார்த்தை.

"அப்படியா? அய்யோ பாவம். கெஸ்ட் இல்லாத நேரத்துல போட்டுக்கிடட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். "நம்ம ஆளுகளுக்கு வெறுங்கால்தானே வேல்விழி பழக்கம்? பட்டாசு கம்பெனியிலயும் அப்படித்தானே நின்னான்?"

நான் பல்லைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

சித்தப்பா என்னைவிட எளிதாக எடுத்துக்கொண்டார். "இருவத்தாறு வருசம் வெறுங்கால்ல நின்னவன்த்தா நானு. தரை எப்படிக் கெடக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்று செருப்பைக் கழட்டித் தூணோரம் வைத்துவிட்டு, உள்ளங்காலால் தரையைத் தடவிக் காட்டினார். "பாரு. சுத்தமா இருக்கு."

அவருடைய காலுக்கு எதுவும் தெரியாது என்று அவருக்கே தெரியும். டாக்டரம்மா ஊசியால் குத்திக் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன், அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்தத் தடவலை விட முடியவில்லை. உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது, எப்படி விடுவார்? நானாவது வாயைத் திறந்து, உங்க காலு இப்ப பொய் சொல்லுது சித்தப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சித்திரையில் சென்னையிலிருந்து முப்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பெரிய கேமராவோடு வந்த யூடியூப்காரர்கள். வாசலிலிருந்து வீட்டுக்குக் கருங்கல் பாவிய பாதை நூறு தப்படி இருக்கும். வந்தவர்களுக்கு நாங்கள் துணியாலான காலுறை கொடுப்போம், கல்லின் சூடு தாங்காது என்பதற்காக. சித்தப்பா அந்தப் பாதையில் பதினைந்து தடவை போய்வந்தார். மாட்டுவண்டி வந்து நின்ற இடத்தில் சக்கரத்தோடு வந்த கருவேல முள் சிதறிக் கிடந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. சித்தப்பா மட்டும், வண்டியிலிருந்து ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் வழக்கம்போல் தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "எறங்குங்க, எறங்குங்க, சுத்தமா இருக்கு" என்றாராம். வண்டியோட்டி பாண்டிமுருகன் பிறகு சொன்னான்.

நான் கூடத்தில் நின்று தரையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா கடைசி ஆட்களை அழைத்துக்கொண்டு உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, தூண் பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார். அவர் நடந்துவந்த வழியில் தரை முழுக்க ஒரு வலது காலின் தடம். சிவப்பாக. ஒவ்வொரு தடத்திலும் சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, சிரித்துக்கொண்டு நின்றார்.

கேமராக்காரப் பெண் ஒருத்தி முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "வாவ். மேடம், இது என்ன? காவியா? கிருஷ்ண ஜெயந்திக்குப் பாதம் போடுவாங்களே, அந்த மாதிரியா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிருந்தது. முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்கிறீர்கள்? மூச்சு ஒன்று இழுத்து விடுகிற நேரம்தான்.

"ஆமா, காவிதான்" என்றேன். "விருந்தாளிகள் வந்தால் பண்ணையாள் காவியில் கால் நனைத்து முன்னால் நடந்து வருவார். அந்தத் தடத்தில் வந்தவர்களுக்கு இந்த வீட்டில் குறையே இருக்காது என்று நம்பிக்கை. இந்த வீட்டுக்கே உரிய பழைய வழக்கம்."

கை தட்டினார்கள். கேமரா ஒவ்வொரு தடமாகக் குனிந்து குனிந்து எடுத்தது. இரண்டு பெண்கள் காலுறையைக் கழட்டிவிட்டு, தங்கள் பாதத்தைத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று தெரியாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

எல்லோரையும் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? சித்தப்பாவின் காலைப் பார்க்கவில்லை. ஈரத்துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன். சுண்ணாம்புத் தரை, கறை ஊறிவிட்டால் போகாது. முதலாளி பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா, அழுத்தித் தேய்க்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நிலைப்படி வரை துடைத்து முடித்துவிட்டுத்தான் சித்தப்பாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன்.

முள் முழுசாக உள்ளே போயிருந்தது. ஒரு அங்குலம் இருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தேன். கல்சூட்டில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் வேறு.

"தெரியவே இல்லையா சித்தப்பா?"

"இல்லத்தா." குனிந்து தன் காலைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "ஒண்ணுமே சொல்லலையே இது" என்றார்.

அப்போதே ஆட்டோ பிடித்திருக்க வேண்டும். முப்பது இலை போட்டாகிவிட்டது, பரிமாற ஆள் போதவில்லை என்று முதலாளி எட்டிப் பார்த்தார். நான் மருந்து வைத்து இறுக்கிக் கட்டுப் போட்டேன். கட்டு தெரியாமல் வேட்டியைத் தழைத்துக் கட்டச் சொன்னேன். சித்தப்பா முப்பது இலைக்கும் கூட்டு வைத்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் கால் வீங்கி, கட்டைப் பிரித்தால் கிட்ட நிற்க முடியவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். அதே டாக்டரம்மா. சித்தப்பாவின் காலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எத்தனை தடவை சொன்னேன் உங்ககிட்ட?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தடவை வெட்டிச் சுத்தம் செய்து பார்த்தார்கள். பதினோராம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சித்தி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தரை சுத்தமாயிருச்சா தாயி?" என்று கேட்டாள். சமையல்கட்டு ஆட்கள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை, இன்று வரைக்கும்.

முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே கண் கலங்கினார், பொய் சொல்லக் கூடாது. "கருத்தப்பாண்டி, நீ ஒண்ணும் கவலைப்படாத. பெரிய வீடு தன் ஆளுகள என்னைக்கும் கைவிட்டது கிடையாது. நீ எந்திரிச்சு வா. உட்கார்ந்த வேலையாத் தர்றேன்" என்றார்.

"உங்க புண்ணியம் மொதலாளி" என்றார் சித்தப்பா.

ஆடியில் அந்த உட்கார்ந்த வேலை வந்தது. வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி, பின்னால் நாலு தட்டு வைத்த மர அலமாரி. வருகிறவர்களின் செருப்பை வாங்கி அடுக்கி, டோக்கன் கொடுக்க வேண்டும். தலைப்பாகை உண்டு. வேட்டியைத் தழையவிட்டால் ஒரு கால் இல்லாதது தெரியாது, ஊன்றுகோல் அலமாரிக்குப் பின்னால். வாசலுக்கு வெளியே என்பதால் மிச்சமிருந்த இடது காலில் செருப்புப் போட்டுக்கொள்ள முதலாளி அனுமதி கொடுத்தார்.

சித்தப்பா அந்த வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்தார். வந்தவர்களின் விலை உயர்ந்த ஷூக்களைத் துண்டால் துடைத்து அடுக்குவார். வீட்டு ஆட்கள் யாராவது அவசரத்தில் செருப்போடு உள்ளே போனால் ஊன்றுகோலால் மறிப்பார். "ஏலே, களட்டுலே. ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான்" என்பார். சமையல்கட்டில் வேலை செய்த கற்பகவல்லி ஒரு நாள் ஈரத்தில் வழுக்குகிறது என்று கெஞ்சினாள். விடவில்லை. முதலாளிக்குப் பரம சந்தோஷம். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருக்கும். என்னோடு நன்றாகத்தான் பேசினார், சாப்பிட்டியா தாயி என்று தினமும் கேட்டார். ஆனால் பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அதற்குள் அந்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. பத்து லட்சம் பேர் பார்த்தார்களாம். ஃபோன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அந்தச் சிவப்புக் கால் வரவேற்பு இருக்கும்ல?" என்றுதான். முதலாளி கொஞ்ச நாள் சமாளித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு தாம்பாளத்துல காவி கரைச்சு வாசல்ல வச்சிரலாம். பாண்டிமுருகன் நனைச்சுக்கிட்டு நடக்கட்டும். தரைக்கு ஒண்ணும் ஆகாத காவியாப் பாத்துக்கிடலாம். நீங்க அதுக்கு ஒரு பலகை எழுதிருங்க."

"முதலாளி, அது..."

"தெரியும்" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியாதா? ஆனா சொன்னது நீங்கதானே வேல்விழி?"

பலகை எழுதினேன். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து என்று எழுதினேன்.

ஆவணி முழுக்கப் பாண்டிமுருகன் நடந்தான். அவன் கேமரா என்றால் மீசையை முறுக்குகிறவன், சந்தோஷமாகவே நடந்தான். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. அன்று அவன் வண்டியோடு வெளியே நின்றவன், நான் கூடத்தில் சொன்ன பொய்யைக் கேட்கவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் பஞ்சம்மாள் சித்தி கடைத்தெருவில் அவனை நிறுத்தி ஏதோ சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவன் பெரிய வீட்டுக்கு வரவில்லை. தீபாவளி சீசன், லோடு ஏற்ற ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் அலைந்துகொண்டிருந்த நேரம். காலை வேனில் ஏறிப் போய்விட்டான்.

அன்று மதுரையிலிருந்து நாற்பது பேர் வந்து வாசலில் நின்றார்கள். மணி பதினொன்று. புரட்டாசியானாலும் எங்கள் ஊர் வெயில் குறைவதில்லை. தாம்பாளத்தில் காவி கரைத்து வைத்திருந்தது. நடக்க ஆள் இல்லை. ஒரு வயதான மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலாளி என் பக்கத்தில் வந்து குனிந்து, "நீங்களே நடந்துருங்களேன் வேல்விழி" என்றார். "பொம்பளை காலு இன்னும் மங்களகரமா இருக்கும். லட்சுமி வர்ற மாதிரி."

இவ்வளவு சொன்னவள் ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து நான் ஒரு நாள்கூடச் செருப்பைக் கழட்டியதில்லை. வீட்டு ஆட்கள் என்று முதலாளி சொன்னபோது அதில் நான் சேர்த்தி இல்லை என்று நானாகவே வைத்துக்கொண்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கற்பகவல்லியை மறித்த சித்தப்பாவும் என்னை ஒரு நாளும் மறித்ததில்லை. தினமும் அவர் முன்னால்தான் டக்டக்கென்று நடந்து உள்ளே போனேன். அவர் கால் போன பிறகும்தான்.

நாற்காலியிலிருந்து சித்தப்பா கையை நீட்டினார்.

"களட்டுத்தா."

கழட்டினேன். இரண்டு செருப்பையும் அவரே குனிந்து எடுத்து, துண்டால் துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் ஒரு டோக்கனை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். இந்த நாற்காலி வேலைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

தாம்பாளத்தில் கால் நனைத்துக் கருங்கல்லில் முதல் அடி வைத்தேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லில் வைத்ததுபோல் இருந்தது. என்னை அறியாமல் காலைப் பின்னால் இழுத்துவிட்டேன். பின்னால் கேமராக்கள் எல்லாம் தயாராக இருந்தன.

"சுடுதா தாயி?" என்று சித்தப்பா கேட்டார்.

"சுடுது சித்தப்பா."

"சுட்டா நல்லதுதான்" என்றார். "போ, ஆளுக காத்துக்கிட்டு நிக்கிறாக."